நிறம் போன இடம்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா போன் செய்தார். திருநெல்வேலியில் நாவல் பழ சீசன். தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கால் கிலோ பழத்தை உப்புப் போட்டுக் குலுக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அப்பா சொன்னது வேறு விஷயம்.

"ஏல, அந்த வெறும் வயித்து மாத்திரைய நிறுத்திட்டேன். நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். பழத்தோட சத்து பூரா அதுலதான் வீணாப் போவுதுன்னு நெனைக்கேன்."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எனக்கு வேலை சென்னையில், மென்பொருளில். ராத்திரி பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையாவது வாசிப்பது பழக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை வாசித்தேன். பெர்ரிப் பழங்களின் ஊதா நிறமி இரைப்பையிலேயே ரத்தத்தில் கலக்கிறது என்பது அதன் சாரம். அடுத்த நாள் அப்பாவிடம் போனில் அளந்துவிட்டேன். "அப்பா, நாவல் பழம் தின்னா நாக்குல ஊதாவா ஒட்டுதுல்லா, அந்த நிறம் வயித்து அமிலத்துல இருக்கிற வரைக்கும்தான் முழுசா இருக்கும். அமிலம் குறைஞ்சா உருமாறிடும்." வேதியியலாக இதில் தப்பில்லை. கதையில் இது பாதி.

அப்பாவுக்கு நான்கு வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து தினமும் ஆஸ்பிரின். ஆஸ்பிரின் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும் என்பதால், அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். அப்பா ரெண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அமிலம் இருந்தால் சத்து நிற்கும், மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், ஆகவே மாத்திரை வேண்டாம். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை, நான் கொடுத்த தகவலில்தான் இருந்தது.

"அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாதுப்பா, நாளைக்கே திரும்பப் போடுங்க" என்றேன். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. அவர் போட்டாரா என்று கேட்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை அம்மா கூப்பிட்டாள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். எண்டோஸ்கோபி பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. அவர் மாத்திரையை நிறுத்தி அன்றோடு பதினோரு நாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நலம்.

அந்த நான்கு நாளும் இரவில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாதியில் விட்டதை முழுதாக வாசித்தேன். ஒரு நிறமிக்கும் ஓர் அமிலத்துக்கும் இடையே நடந்த சுமார் 350 வருடக் கதை அது. என்னைப் போலவே பலரும் அதைப் பாதியில் முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய தப்பால் யாருக்கும் ரத்தம் கசியவில்லை.

*

நாவல் பழக் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் கறை நீலமாகும். அதே கறையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் சிவக்கும். பள்ளியில் செம்பருத்தி இதழைக் காகிதத்தில் தேய்த்து இதையே செய்து பார்த்திருப்போம். வீட்டில் துணி துவைப்பவர்களும் சாயம் போடுபவர்களும் எப்போதோ கவனித்த விஷயம் இது. இதை ஒரு கருவியாக மாற்றியவர் ராபர்ட் பாயில். வாயுக்களின் அழுத்தத்துக்கும் கனஅளவுக்கும் விதி சொன்ன அதே பாயில்தான்.

1664இல் நிறங்களைப் பற்றி அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். வயலட் பூக்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடுத்த நீலச் சிரப் அக்காலத்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். பாயில் அதை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். மேலே அமிலத்தை விட்டால் சிவந்தது. காரத்தை விட்டால் பச்சையானது. ஒன்றிரண்டு பொருளில் பார்த்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. புளிப்பான திரவங்கள் எல்லாமே சிவக்க வைக்கின்றனவா, சாம்பல் உப்பு வகைகள் எல்லாமே பச்சையாக்குகின்றனவா என்று வரிசையாகச் சோதித்தார். இரண்டும் செய்யாதவற்றைத் தனியாக வைத்தார். ஒரு பொருள் அமிலமா காரமா என்பதை நாக்கில் வைத்துப் பார்க்காமல் கண்ணால் அறிய ஒரு வழி பிறந்தது.

அதன்பின் வெகுகாலம் பூச்சாறு அளவுகோலாகவே இருந்தது. ஊற்று நீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் வயலட் சிரப்பைச் சொட்டு விட்டார்கள். அமிலத்தை அளக்க நிறமி உதவியது. அமிலம் அந்த நிறமியை என்ன செய்கிறது என்ற கேள்வி எழவில்லை. தராசைத் திருப்பி வைத்து யாரும் எடை போடுவதில்லையே.

*

நம் வயிற்றுக்குள் இருப்பது என்ன அமிலம் என்பதே 1820கள்வரை சண்டையாக இருந்தது. இத்தாலியரான ஸ்பல்லன்சானி துணிப் பைகளிலும் துளையிட்ட குழல்களிலும் உணவை அடைத்துத் தானே விழுங்கிச் சோதித்துப் பார்த்தவர். இரைப்பைச் சாறு உணவைக் கரைக்கிறது என்று காட்டியவர், அது அமிலம் அல்ல என்றே நினைத்தார். 1823 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் வில்லியம் பிரௌட் ஒரு கட்டுரை வாசித்தார். முயல், குதிரை, கன்று, நாய் ஆகியவற்றின் இரைப்பைகளைச் சோதித்து, உள்ளே இருப்பது உப்பிலிருந்து எடுக்கப்படும் அமிலம்தான் என்றார். இன்று நாம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று சொல்வது. சோதனைக்கூட அலமாரியில் இருக்கும் கடுமையான திரவம் உயிருள்ள வயிற்றில் சுரக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வது அன்றைக்குச் சுலபமாக இல்லை.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மக்கினா தீவில், கம்பளித் தோல் வியாபாரம் செய்யும் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்திருந்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் படகோட்டியின் இடது விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. பிழைக்க மாட்டான் என்றார்கள். பக்கத்துக் கோட்டையில் இருந்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் காப்பாற்றினார். ஆனால் காயம் மூடவில்லை. இரைப்பையின் ஓரம் தோலோடு ஒட்டி ஆறியதால் வயிற்றில் ஒரு நிரந்தர ஜன்னல் உண்டானது.

1825 ஆகஸ்டிலிருந்து போமான்ட் அந்த ஜன்னல் வழியாகச் சோதனை செய்யத் தொடங்கினார். மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்குவார். மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்துப் பார்ப்பார். இரைப்பைச் சாற்றைக் குழாய் வழியாக எடுத்து, கண்ணாடிக் குப்பியில் உடல் சூட்டில் வைத்து, வெளியிலும் இறைச்சி கரைகிறது என்று காட்டினார். அந்தச் சாற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைப் பிற வேதியியல் பேராசிரியர்கள் உறுதி செய்தார்கள். 1833இல் போமான்ட்டின் புத்தகம் வந்தது. மனித வயிற்றைப் பற்றி நேரில் பார்த்து எழுதிய முதல் பெரிய ஆவணம் அது.

செயின்ட் மார்ட்டினுக்கு என்ன கிடைத்தது? 1832இல் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். ஒரு வருடத்துக்கு 150 டாலரும் சாப்பாடும் தங்குமிடமும். அதற்கு ஈடாக அவர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், வயிற்றையும் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அவர் கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போட்டார். இடையில் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார், கல்யாணம் செய்தார், வறுமையில் திரும்பி வந்தார். கடைசியாகப் போனவர் போமான்ட் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. மருத்துவர் 1853இல் இறந்தார். ஓட்டை வயிற்றோடு செயின்ட் மார்ட்டின் 1880வரை வாழ்ந்தார். மருத்துவர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் உடல் அழுகும்வரை காத்திருந்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே உட்கார்ந்து இதை வாசித்தேன். உள்ளே அப்பாவின் இரைப்பை திரையில் தெரிந்துகொண்டிருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். அதை முழுதாக வாசித்தேனா என்று கேட்டால் இல்லை.

*

நிறமிக்குப் பெயர் வைத்தது 1835இல். ஜெர்மானிய மருந்தியலாளர் லுத்விக் மார்க்வார்ட் பூக்களின் நீல நிறப் பொருளை ஆந்தோசயன் என்று அழைத்தார். கிரேக்கத்தில் பூ, நீலம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. இன்று ஆந்தோசயனின் என்கிறோம். நாவல், புளூபெர்ரி, கறுப்புத் திராட்சை, செம்பருத்தி, கத்தரிக்காய்த் தோல், ஊதா முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான்.

பெயர் வைத்தாலும் பிடித்து வைக்க முடியவில்லை. பூவிலிருந்து சாறெடுத்துச் சுத்தம் செய்யச் செய்ய நிறம் வெளுத்துப்போகும். எழுபது எண்பது வருடம் வேதியியலாளர்கள் இதோடு போராடினார்கள். தீர்வைக் கண்டவர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர். பெர்லினுக்குப் பக்கத்தில் டாலெம் என்ற இடத்தில் இருந்த கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்தில், கார்ன்ஃபிளவர் என்ற நீலக் காட்டுப்பூவின் நிறமியை 1913இல் ஆர்தர் எவரெஸ்ட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பிரித்தெடுத்தார். அவர் வழி எளிமையானது. நடுநிலையான நீரில் அந்த நிறமி நிறமற்ற வேறொரு வடிவத்துக்கு மாறுகிறது என்று கவனித்தார். ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தார். நிறமி குளோரைடு உப்பாகி, சிவப்புப் படிகமாகக் கையில் நின்றது.

இந்த இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். பிரௌட் முயலின் வயிற்றில் கண்ட அதே அமிலம். வேதியியலாளர் குடுவையில் போராடிக் கண்டுபிடித்த நிலைமை, பழம் தின்றவன் வயிற்றில் தானாகவே அமைந்துவிடுகிறது. நான் அப்பாவிடம் அளந்த பாதிக் கதைக்கு வேர் இங்கேதான்.

வில்ஷ்டேட்டர் இன்னொன்றும் சொன்னார். நீலக் கார்ன்ஃபிளவரில் இருக்கும் நிறமியும் சிவப்பு ரோஜாவில் இருப்பதும் ஒன்றே. ரோஜாவின் சாறு அமிலம், அதனால் சிவப்பு. கார்ன்ஃபிளவரின் சாறு காரம், அதனால் நீலம். பாயிலின் காகிதத்தில் நடந்ததே இதழுக்குள்ளும் நடக்கிறது என்ற அழகான விளக்கம். லிங்கன்பெர்ரி, பில்பெர்ரி, திராட்சை என்று பழங்களுக்கும் போனார். 1915இல் தாவர நிறமி ஆய்வுகளுக்காக நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் போர் வந்துவிட்டது. பூக்களை விட்டுவிட்டு, விஷவாயு முகமூடிக்கான வடிகட்டி செய்யப் போனார். 1924இல், மியூனிக் பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பைக் கண்டித்துப் பேராசிரியர் பதவியைத் துறந்தார். அவரும் யூதர். 1939இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார், 1942இல் அங்கேயே இறந்தார்.

நிறமிகள் ஒன்றே என்று அவர் சொன்னது சரி. காரணம் தவறு. கார்ன்ஃபிளவர் இதழின் சாறும் லேசான அமிலம்தான். 1919இல் ஜப்பானியரான கெய்தா ஷிபாட்டாவும் அவருடன் வேலை செய்தவர்களும், நீலத்துக்குக் காரணம் உலோகங்களோடு நிறமி சேர்வது என்றார்கள். 2005இல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் படிக அமைப்பை முழுதாக வெளியிட்டார்கள். ஆறு ஆந்தோசயனின் மூலக்கூறு, அவற்றோடு ஆறு ஃபிளேவோன் மூலக்கூறு, நடுவே ஓர் இரும்பு, ஒரு மெக்னீசியம், இரண்டு கால்சியம். குடுவையில் நடப்பதை அப்படியே பூவுக்குள் ஏற்றிப் பார்த்ததுதான் வில்ஷ்டேட்டரின் பிழை. நான் குடுவையை அப்பாவின் வயிற்றுக்குள் ஏற்றினேன்.

*

அமிலத்துக்கு எண் கிடைத்தது 1909இல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் சோதனைக்கூடத்தில் சோரன்சன் பி.எச். அளவை முன்வைத்தார். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம். அந்த அளவை வைத்து நிறமியின் கதையைச் சொன்னால் இப்படி வரும்: மூன்றுக்குக் கீழே பெரும்பாலும் சிவப்பு வடிவம், திடமானது. நான்கு, ஐந்து ஆகும்போது ஒரு நீர் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டு, நிறம் போய்விடுகிறது. நடுநிலையை நெருங்கும்போது ஊதாவும் நீலமுமான வடிவங்கள், ஆனால் நிலையற்றவை. இன்னும் மேலே போனால் வளையம் உடைந்து மஞ்சளாகிச் சிதையத் தொடங்கும். நீர் ஒட்டும் அந்த வினையைத் துல்லியமாக விளக்கியவர்கள் பிரான்சின் புரூயார், துபுவா ஆகிய இருவர், 1977இல்.

இதே அளவில் வயிற்றைப் பார்ப்போம். வெறும் இரைப்பை ஒன்று முதல் இரண்டு. சாப்பிட்டவுடன் உணவு அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் நான்கு, ஐந்துவரை ஏறும், பிறகு மெல்ல இறங்கும். சிறுகுடலில் ஆறு, ஏழு. ஆகவே பழம் விழுங்கிய எவர் உடம்பிலும் நிறமி இந்த எல்லா வடிவங்களையும் தாண்டித்தான் போகிறது.

இனி நான் சுருக்கத்தை மட்டும் வாசித்த ஆய்வு. 2003இல் இரண்டு குழுக்கள், பிரான்சில் ஒன்றும் இத்தாலியில் ஒன்றும், எலிகளை மயக்கி, இரைப்பைக்குள் ஆந்தோசயனினைச் செலுத்திப் பார்த்தன. அதுவரை உறிஞ்சல் என்றால் சிறுகுடல் என்றே நினைத்திருந்தார்கள். இத்தாலியக் குழு, திராட்சை நிறமி சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் தெரிவதைக் கண்டது. பிரெஞ்சுக் குழு பில்பெர்ரி, பிளாக்பெர்ரி நிறமிகளைச் சோதித்தது. ஒற்றைச் சர்க்கரை ஒட்டிய வகைகளில் சுமார் 25 சதவீதம் அரை மணி நேரத்தில் இரைப்பையிலிருந்தே உறிஞ்சப்பட்டது. இரட்டைச் சர்க்கரை ஒட்டிய ஒரு வகை மிகக் குறைவாகவே போனது. ஆக அமிலம் மட்டும் முடிவு செய்வதில்லை, மூலக்கூறின் முதுகில் என்ன சர்க்கரை இருக்கிறது என்பதும் சேர்ந்துதான். அந்த வரி சுருக்கத்திலேயே இருந்தது. நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

எலியில் 25 சதவீதம் என்றால், மனிதர்களிடம் பழம் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்த ஆய்வுகளில் கிடைத்ததோ பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தாவரப் பாலிபீனால்கள் குறித்த 97 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வந்த ஒரு மதிப்பீடு, மிக மோசமாக உறிஞ்சப்படும் வகைகளில் ஆந்தோசயனினையும் சேர்த்தது. மீதி எங்கே?

2006இல் ஜெர்மனியில் ஒரு சோதனை நடந்தது. அறுவைச் சிகிச்சையில் பெருங்குடல் நீக்கப்பட்டு, சிறுகுடலின் முனை வயிற்றுத் தோலுக்கு வெளியே பையில் இணைக்கப்பட்டவர்கள் இதில் பங்கெடுத்தார்கள். அவர்களுக்குப் புளூபெர்ரி கொடுத்து, பையில் வந்து சேர்ந்ததை அளந்தார்கள். ஒட்டியிருந்த சர்க்கரையைப் பொறுத்து, 85 சதவீதம்வரை நிறமி பைக்கு வந்தது. இரைப்பையும் சிறுகுடலும் தாண்டிப் பெரும்பகுதி கீழே போகிறது என்று அர்த்தம். செயின்ட் மார்ட்டினின் வயிற்று ஜன்னலுக்கு 180 வருடங்களுக்குப் பின், மறுபடியும் வயிற்றில் ஒரு திறப்பு பதில் சொன்னது. இந்த முறை, எதற்கு என்று தெரிந்து சம்மதித்தவர்கள்.

பெருங்குடலில் நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. சர்க்கரையைக் கழற்றி, வளையத்தை உடைத்து, சின்னச் சின்ன அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுக்கு நிறம் கிடையாது. பழைய அளவீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ரத்தத்திலோ சிறுநீரிலோ அமிலத்தைச் சேர்ப்பார்கள். வில்ஷ்டேட்டரின் தந்திரம்தான். நிறமி சிவப்பு வடிவத்துக்குத் திரும்பும், அதை அளப்பார்கள். அமிலம் விட்டால் சிவக்காத எதுவும் கணக்கில் வராது.

என் வேலையில் இது தினமும் நடக்கும் தப்பு. ஒரு கோரிக்கை ஐந்து சர்வீஸ்களைத் தாண்டிப் போகும். மூன்றாவதில் அதற்கு வேறு அடையாள எண் கொடுத்துவிடுவார்கள். பழைய எண்ணை வைத்து லாக்கில் தேடுகிறவன், கோரிக்கை தொலைந்துவிட்டது என்று டிக்கெட் எழுதுவான். அது கடைசிவரை போய் வேலையை முடித்திருக்கும்.

நிறமிக்கு மாறாத அடையாள எண் 2013இல் கிடைத்தது. பிரிட்டனில் ஒரு குழு, ஆந்தோசயனின் மூலக்கூறில் ஐந்து கார்பன் அணுக்களை கார்பன்-13 ஆக வைத்துத் தயாரித்தது. கதிரியக்கம் இல்லாதது, சாதாரணக் கார்பனைவிடக் கொஞ்சம் கனமானது, அவ்வளவுதான். எட்டு ஆண்களுக்கு ஆளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்து, 48 மணி நேரம் ரத்தம், சிறுநீர், மலம், மூச்சு எல்லாவற்றையும் சேகரித்தார்கள். மூலக்கூறு என்னவாக உடைந்தாலும் கனமான கார்பன் காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீரிலும் மூச்சிலுமாக வந்தது சுமார் 12 சதவீதம். அதாவது உடம்புக்குள் போய்த் திரும்பியது குறைந்தது அவ்வளவு. அதில் பாதிக்கு மேல் மூச்சில் கார்பன் டை ஆக்சைடாக வந்திருந்தது. நிறத்தைத் தேடியவர்களுக்கு ஒரு சதவீதம்கூடக் கிடைக்காத இடத்தில், கார்பனைத் தேடியவர்களுக்குப் பத்து மடங்குக்கு மேல் கிடைத்தது.

*

அப்பா வீட்டுக்கு வந்த நான்காவது நாள் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். கணக்கு வாத்தியாருக்குச் சொல்வதுபோல, வரிசையாக.

இரைப்பையின் அமிலம் நிறமியின் முதல் வடிவத்தைக் காப்பாற்றுவது உண்மை. ஆனால் இரைப்பை முதல் ஸ்டேஷன்தான். நீங்கள் பழம் சாப்பிடுவது சாப்பாட்டுக்குப் பிறகு. அந்நேரம் மாத்திரை போடாத வயிற்றிலும் அமிலம் தணிந்துதான் இருக்கும். பழத்தின் பெரும்பகுதி, மாத்திரை போட்டவருக்கும் போடாதவருக்கும், அமிலமே இல்லாத குடலுக்குத்தான் போகிறது. அங்கே உருமாறித்தான் உள்ளே போகிறது. உருமாறுவது வீணாவது இல்லை. நான் அன்றைக்கு அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்னொரு பக்கம், ஆஸ்பிரின் சாப்பிடும் உங்கள் இரைப்பைக்கு அந்தக் காலை மாத்திரை காவல். பழத்தில் கூடுதலாகக் கொஞ்சம் நிறம் கிடைக்கும் என்று காவலை எடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பழத்தத் தின்னுட்டு மூச்சா விட்டுருதோமா?" என்றார்.

"ஒரு பங்கு அப்படித்தான்ப்பா."

"அன்னிக்கே இத முழுசாச் சொல்லியிருக்கலாம்லா."

"முழுசா வாசிக்கலைப்பா."

அவர் அதற்குத் திட்டவில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர். விடை சரியாக இருந்தும் நடுவில் படிகள் இல்லாத கணக்குக்கு அவர் மார்க் போட மாட்டார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தன் அதனாலேயே பத்தாம் வகுப்பு அரையாண்டில் தோற்றான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் அறையில் டம்ளர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெறும் வயிற்று மாத்திரையைப் போட்டுவிட்டு, அட்டையின் பின்பக்கம் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். சீசன் முடியப் போகிறது, நல்ல பழமாகக் கிடைத்தால் மத்தியானத்துக்கு வாங்கி வா என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்க் கால் கிலோ வாங்கி வந்தேன். சாப்பாடு முடிந்ததும் உப்புப் போட்டுக் குலுக்கி இரண்டு பேருமாகத் தின்றோம். இரண்டு பேர் நாக்கும் ஊதாவாக இருந்தது.